மூன்று விளக்கில் இரண்டு வெள்ளையாக வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்: பெண்களுக்கான பாரா பவர்லிஃப்டிங்

மாற்றுத்திறனாளிப் பெண்களின் பவர்லிஃப்டிங் பற்றி வந்த கடிதங்களில், பலரும் கேட்டிருந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். எண்ணாகச் சொல்ல முடிந்ததை எண்ணாகவே சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: பாராலிம்பிக்ஸில் ஒரு பெண் எடையை முழுசாக மேலே தூக்கிவிட்டார். கைகூட நடுங்கவில்லை. ஆனாலும் சிவப்பு விளக்கு எரிந்தது. தூக்கியதைத் தூக்கவில்லை என்று சொல்வது என்ன நியாயம்?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் இந்த விளையாட்டில் பார் மேலே போவது பாதி வேலைதான், மீதிப் பாதி அது எப்படிப் போனது என்பது.

சாதாரண பவர்லிஃப்டிங்கில் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் என்று மூன்று உண்டு. பாரா பவர்லிஃப்டிங்கில் பெஞ்ச் பிரஸ் ஒன்றுதான், அதாவது படுத்தபடி பாரை மார்புவரை இறக்கி மேலே தள்ளுவது. கால்களை நீட்டி, தலை முதல் குதிகால் வரை பெஞ்ச் மேலேயே இருக்கும்படி படுக்க வேண்டும். காலைத் தரையில் ஊன்றி உந்தித் தூக்கும் வசதி இங்கே கிடையாது. பாரை அது வைக்கப்பட்டிருக்கும் ரேக்கிலிருந்து எடுக்க, ஸ்பாட்டர் எனப்படும் மேடை உதவியாளர் உதவலாம். எடுத்த பிறகு முழங்கையை முழுசாக நீட்டிப் பூட்டிய நிலையில் அசையாமல் காத்திருக்க வேண்டும். "ஸ்டார்ட்" என்று நடுவர் சொன்ன பிறகுதான் இறக்கலாம். பார் மார்பைத் தொட்டு, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும்படி அங்கே நிற்க வேண்டும். பிறகு இரண்டு கையும் சமமாக ஏறி, ஒரே நேரத்தில் பூட்ட வேண்டும். "ரேக்" என்ற சொல் வரும்வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். மூன்று நடுவர்களில் இருவராவது வெள்ளை விளக்குப் போட்டால்தான் அது கணக்கில் சேரும்.

சிவப்பு எங்கெல்லாம் விழும்? பார் மார்பில் நிற்காமல் பந்து போலத் துள்ளி எழுந்தால். நின்ற பிறகு மார்புக்குள் இன்னும் அமுங்கி, அந்த அமுக்கத்திலிருந்து எழுந்தால். ஏறும் வழியில் ஒரு நொடியாவது கீழே வந்தால். ஒரு கை முந்தி மறு கை பிந்தினால். இடுப்போ குதிகாலோ பெஞ்சை விட்டு எழுந்தால். நீங்கள் பார்த்த தூக்கல் "சுலபமாக" இருந்தது என்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் நிறுத்தம் போதாமல் போயிருக்கும், இல்லையென்றால் ஒரு கை பிந்தியிருக்கும். பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் கை பிந்துவது தெரியவே தெரியாது. தலைப்பக்கம் உட்கார்ந்திருக்கும் தலைமை நடுவருக்குப் பளிச்சென்று தெரியும்.

கேள்வி: இந்த விளையாட்டில் மிக நீண்ட காலம் உச்சியில் இருந்த பெண் யார்? அவரால் எப்படி முடிந்தது?

பதில்: பதக்க வரிசையை வைத்துச் சொன்னால் மெக்சிகோவின் அமாலியா பெரஸ். 1964 டோக்கியோவிலேயே பாராலிம்பிக்ஸில் எடை தூக்குதல் இருந்தது, ஆனால் ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்கு வாசல் திறந்தது 2000 சிட்னியில். அந்த முதல் போட்டியிலேயே அமாலியா வெள்ளி வாங்கினார். 2004 ஏதென்ஸில் மறுபடி வெள்ளி. பிறகு 2008 பெய்ஜிங், 2012 லண்டன், 2016 ரியோ, 2021-ல் நடந்த டோக்கியோ என்று வரிசையாக நான்கு தங்கம். 2024 பாரிஸில் வெண்கலம். பெண்களுக்கு இந்தப் போட்டி தொடங்கிய நாளிலிருந்து ஒரு பாராலிம்பிக்ஸில்கூட அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. பிறவியிலேயே மூட்டுகள் இறுகிப்போகும் ஆர்த்ரோகிரைபோசிஸ் அவருக்கு.

எப்படி முடிந்தது என்பதற்கு அவருடைய எடைப் பிரிவுகளைப் பாருங்கள். பெய்ஜிங்கில் 52 கிலோ, லண்டனில் 60, ரியோவில் 55, டோக்கியோவில் 61. இடையில் 2013-ல் எடைப் பிரிவுகளே மாறின என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 40, 44, 48, 52, 56, 60 முதலான பழைய பிரிவுகள் எல்லாம் போய், 41, 45, 50, 55, 61, 67, 73, 79, 86, 86-க்கு மேல் என்று பத்துப் பிரிவுகள் வந்தன. லண்டனில் 135 கிலோ தூக்கியவர், ரியோவில் உடல் எடையைக் குறைத்துக்கொண்டு 55 கிலோ பிரிவில் 130 தூக்கினார். உடல் எடை சில கிலோ இறங்கியும் தூக்கும் எடை ஐந்து கிலோதான் இறங்கியது. இதை ஒரு மாதப் பட்டினியில் சாதிக்க முடியாது. தசையை விடாமல் எடையை மட்டும் இறக்க மாதக்கணக்கான திட்டம் வேண்டும்.

அவரோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவர்கள் இருவர். எகிப்தின் ஃபாத்மா ஓமர் 2000 முதல் 2012 வரை தொடர்ந்து நான்கு தங்கம் வென்றவர். நைஜீரியாவின் லூசி எஜிகே 2004-லும் 2008-லும் 48 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். எட்டு வருடம் கழித்து ரியோவில் 61 கிலோ பிரிவில் 142 கிலோ தூக்கி மறுபடி தங்கம். அன்று வெள்ளிக்குப் போனவர் ஃபாத்மா. அடுத்த டோக்கியோவில் அதே 61 கிலோ பிரிவில் அமாலியா 131 கிலோவில் தங்கம், லூசி வெண்கலம். ஒருவர் எடையை இறக்கினார், ஒருவர் ஏற்றினார். இருவருக்கும் வயதோடு உடல் மாறியது. மாறிய உடலுக்குப் பொருத்தமான பிரிவைத் தேடிப் போனார்கள், பழைய பிரிவையே பிடித்துத் தொங்கவில்லை. எங்கள் கணிப்பில் நீண்ட விளையாட்டு வாழ்க்கைக்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம் தோள்பட்டை. அதற்குத் தனிக் கேள்வி வந்திருக்கிறது.

கேள்வி: எனக்கு ஒரு கால் போலியோவால் பாதிக்கப்பட்டது. ஊன்றுகோல் இல்லாமலும் நடப்பேன். நான் கலந்துகொள்ள முடியுமா? சக்கர நாற்காலியில் இருப்பவர்களோடு போட்டியிடுவது சரியா?

பதில்: முடியும் என்றுதான் தோன்றுகிறது. முடிவு சொல்ல வேண்டியது, குறைபாட்டைப் பரிசோதித்துத் தகுதி சொல்லும் வகைப்படுத்தும் குழு. தசை பலக்குறைவு, மூட்டு அசைவுக் குறைவு, உறுப்பு இழப்பு, கால் நீள வித்தியாசம், குட்டை உயரம், தசை இறுக்கம், அட்டாக்ஸியா (அசைவுகள் ஒருங்கிணையாமை), அதெட்டோசிஸ் (கட்டுப்பாடில்லாத தன்னிச்சை அசைவு) ஆகிய எட்டில் ஒன்று இருக்க வேண்டும். அது விதியில் சொன்ன குறைந்தபட்ச அளவையாவது தொட வேண்டும். போலியோ முதல் வகையில் வரும். பார்வைக் குறைபாடோ அறிவுசார் குறைபாடோ மட்டும் இருந்தால் இதில் இடமில்லை. பலரும் கவனிக்காத ஒரு நிபந்தனை முழங்கை. முழு நீட்டத்திலிருந்து 20 டிகிரிக்கு மேல் குறைந்தால் தகுதி கிடையாது. சின்ன வயதில் விழுந்து முழங்கை வளைந்து போனவர்கள் பயிற்சி தொடங்கும் முன்பே இதை அளந்து பார்த்துவிடுவது நல்லது.

இதில் ஒரே ஒரு வகுப்புதான். கால் இழந்தவர், தண்டுவடக் காயம் பட்டவர், குட்டை உயரமுள்ளவர் எல்லாரும் ஒரே மேடையில். பிரிப்பது உடல் எடை மட்டுமே. இது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. வயிற்றுத் தசை வேலை செய்பவருக்குப் பெஞ்சில் உடலை இறுக்கிப் பிடிப்பது எளிது, உண்மைதான். அதே சமயம் உங்கள் நல்ல காலின் எடை தராசில் ஏறுகிறது, தூக்குவதற்கு அது உதவுவதில்லை. கால் மெலிந்தவருக்கு அதே உடல் எடையில் தோளிலும் மார்பிலும் அதிகத் தசை இருக்கும். கால் துண்டிக்கப்பட்டவர்களுக்கு, எந்த இடத்தில் துண்டிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து விதிப்படி ஓர் எடையை உடல் எடையோடு கூட்டுவார்கள். எடைப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது அதையும் சேர்த்துக் கணக்கிட மறக்க வேண்டாம்.

கேள்வி: சாதாரண ஜிம்மில் பயிற்சி தருகிறேன். எங்களிடம் இருப்பது குறுகலான பெஞ்ச். காலை எங்கே வைப்பது?

பதில்: போட்டி பெஞ்சின் அளவு: நீளம் 2.1 மீட்டர், அகலம் 61 செ.மீ., தலைப்பக்கம் 30 செ.மீ.-ஆகக் குறுகும். முழங்கை தடையில்லாமல் கீழே இறங்க அந்தக் குறுகல் வேண்டும். தரையிலிருந்து உயரம் 48 முதல் 50 செ.மீ. உங்கள் ஜிம் பெஞ்சின் கால்பக்கத்தில் ஒரு மரப்பெட்டியை ஒட்டி வைத்து நீட்டலாம். பெட்டியின் உயரத்தை, ஆள் படுத்து பெஞ்சின் நுரை அமுங்கிய நிலையில் அளந்து செய்யுங்கள். வெறும் பெஞ்சை அளந்து செய்தால் பெட்டி இரண்டு மூன்று செ.மீ. உயர்ந்து நிற்கும். கால் உயர்ந்து, இடுப்பு தலைப்பக்கம் சறுக்கி, ஒவ்வொரு செட்டிலும் பார் மார்பில் வேறு வேறு இடத்தைத் தொடும். பெட்டி நகராமல் பெஞ்சோடு கட்டிவிடுங்கள். அகலத்துக்கு 61 செ.மீ. பலகை போட்டு மேலே ரப்பர் விரிப்பு ஒட்டினால் போதும்.

இன்னொன்று, எடைக் கணக்கு. போட்டியில் பார் 20 கிலோ, பிளேட் நழுவாமல் பிடிக்கும் இரண்டு காலர்களும் ஒவ்வொன்று 2.5 கிலோ. ஆக, பிளேட் போடும் முன்பே 25 கிலோ ஆகிவிட்டது. 80 கிலோ வேண்டுமென்றால் ஒரு பக்கத்துக்கு 27.5 கிலோ பிளேட். ஜிம்மில் கம்பிக் கிளிப் மாட்டி, "ஒரு பக்கம் 30" என்று பழகியவர்கள் போட்டியில் கணக்குக் குழம்புவார்கள். உங்கள் ஜிம் பாரை ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள். 20 என்று சொல்லி விற்ற பார் 18 கிலோவாக இருந்தால், உங்கள் மாணவியின் 'சாதனை'யில் இரண்டு கிலோ காற்று.

பிடி அகலம் இரண்டு ஆள்காட்டி விரல்களுக்கு இடையே 81 செ.மீ.-க்கு மேல் போகக் கூடாது. பாரில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் பாரைச் சுற்றி வர வேண்டும். பெஞ்ச் ஷர்ட் எனப்படும் இறுக்கச் சட்டைக்கு அனுமதி இல்லை, மணிக்கட்டில் சுற்றும் ராப் பட்டை போடலாம்.

கேள்வி: ஆறு மாதமாகப் பயிற்சி செய்கிறேன். உடல் எடை 54, அதிகபட்சம் 60 கிலோ. வாரம் எத்தனை நாள், எவ்வளவு செய்ய வேண்டும்?

பதில்: ஆறு மாதத்தில் உடல் எடையைத் தாண்டிவிட்டீர்கள், நல்ல தொடக்கம். வாரத்தில் மூன்று நாள் போதும். இடையில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும்.

முதல் நாள் கனமான நாள். 48 முதல் 51 கிலோ வரை, மூன்று ரெப் வீதம் ஐந்து செட் (ஒருமுறை இறக்கி ஏற்றுவது ஒரு ரெப்). ஒவ்வொரு ரெப்பிலும் மார்பில் ஒரு முழு நொடி நிறுத்தம். செட்டுக்கு இடையே மூன்று நான்கு நிமிடம் ஓய்வு.

இரண்டாம் நாள் நுட்பத்துக்கு. 39 முதல் 42 கிலோ, மூன்று ரெப் வீதம் ஆறு செட், ஆனால் நிறுத்தம் இரண்டிலிருந்து மூன்று நொடி. இந்த நாளில்தான் பதக்கம் உருவாகிறது என்று தயங்காமல் சொல்வோம். எடை குறைவாக இருப்பதால் பலர் இதை அலட்சியமாகச் செய்கிறார்கள். தோழி ஒருவர் "ஸ்டார்ட்", "ரேக்" என்று சொல்ல வேண்டும். அதுவும் ஒரே தாளத்தில் சொல்லாமல், சில முறை வேண்டுமென்றே தாமதித்துச் சொல்ல வேண்டும். காத்திருக்கப் பழகாதவருக்குப் போட்டி மேடையில் அந்த ஒரு நொடி ஒரு யுகம்.

மூன்றாம் நாள் 42 முதல் 45 கிலோ, ஆறு ரெப் வீதம் நான்கு செட். பிடியை இரண்டு விரல் அகலம் குறுக்கிக்கொண்டால் மேல்கையின் பின்தசையான ட்ரைசெப்ஸுக்கு வேலை கூடும், முழங்கை பூட்டும் லாக்அவுட் உறுதிப்படும்.

மூன்று நாளும் முதுகுக்கு ரோவிங், அதாவது எடையை உடலை நோக்கி இழுக்கும் பயிற்சி, கட்டாயம். தள்ளும் ரெப் எத்தனையோ, இழுக்கும் ரெப் குறைந்தது அத்தனை. சக்கர நாற்காலி ஓட்டுபவர் என்றால் ஒன்றரை மடங்கு, ஏனென்றால் நாள் முழுவதும் சக்கரத்தைத் தள்ளுவதே ஒரு பெஞ்ச் பிரஸ் பயிற்சிதான். நான்கு வாரத்துக்கு ஒருமுறை செட்டுகளைப் பாதியாக்கி ஒரு வாரம் ஓட்டுங்கள். எல்லா ரெப்பும் சுத்தமாக வந்தால் மட்டும் அடுத்த சுற்றில் 1 முதல் 2.5 கிலோ ஏற்றுங்கள்.

போட்டிக்கு 7 முதல் 10 நாள் முன்பு கடைசிக் கனமான தூக்கல். அதன்பிறகு லேசான எடையில் கையைச் சூடாக வைத்திருந்தால் போதும். கடைசி வாரத்தில் "இன்னொருமுறை பார்த்துவிடுகிறேன்" என்று அதிகபட்சத்தைச் சோதிப்பவர்கள், மேடைக்கு வேண்டியதை ஜிம்மிலேயே செலவழித்துவிடுகிறார்கள்.

கேள்வி: என் மாணவிக்கு எப்போதும் வலது கை முந்துகிறது. எவ்வளவு திருத்தினாலும் மாறவில்லை.

பதில்: கையைத் திருத்துவதை நிறுத்திவிட்டு இடுப்பைப் பாருங்கள். தலைப்பக்கம் ஒரு போன், கால்பக்கம் ஒரு போன் வைத்துப் படம் எடுங்கள். ஒரு கால் இல்லாதவர்களுக்கும் முதுகெலும்பு வளைந்தவர்களுக்கும் பார் கையில் வரும்போதே உடல் ஒரு பக்கம் உருளும். உருண்ட பக்கத்துத் தோள் தாழ, அந்தக் கைக்குத் தூரம் கூடும். கை பிந்துவது அதன் விளைவு.

ஸ்ட்ராப் இருப்பது இதற்காகத்தான். கால்களைப் பெஞ்சோடு கட்ட ஒன்றோ இரண்டோ ஸ்ட்ராப் அனுமதி உண்டு. முட்டி மேல் நேராகக் கட்டக் கூடாது. இரண்டு தொடைகளும் கிடக்கும் உயரம் ஒன்றாக இல்லையென்றால் ஸ்ட்ராப் தடித்த தொடையை மட்டும் பிடிக்கும், மெலிந்த பக்கம் தளர்ந்தே இருக்கும். கட்டிய பிறகு ஸ்ட்ராப்புக்கு அடியில் இரண்டு பக்கமும் விரல் நுழைத்துப் பாருங்கள், இறுக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். இதைச் சரி செய்த பிறகும் கை பிந்தினால், அப்போது டம்பெல் கொண்டு பலவீனமான கைக்கு வாரம் இரண்டு கூடுதல் செட் கொடுங்கள்.

கட்டுவதற்கு ஆகும் நேரமும் முக்கியம். பெயரை அழைத்ததிலிருந்து இரண்டு நிமிடம்தான். நாற்காலியிலிருந்து மாறுவது, படுப்பது, கட்டுவது, தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்துப் பிடிப்பது எல்லாம் அதற்குள். ஸ்டாப்வாட்ச் வைத்து ஒன்றேகால் நிமிடத்தில் முடிக்கப் பழக்குங்கள். அவசரத்தில் கட்டிய ஸ்ட்ராப்தான் மூன்றாவது முயற்சியைக் கெடுக்கும்.

கேள்வி: மூன்று முயற்சிக்கும் எடையை எப்படி முடிவு செய்வது? முதல் முயற்சியிலேயே பெரிய எடை கேட்டால் எதிராளி பயப்பட மாட்டாரா?

பதில்: எதிராளி பயப்படுவதற்கு முன் நடுவர் சிவப்பு போட்டுவிடலாம். மூன்றும் தவறினால் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே ஒன்றும் இருக்காது.

முதல் முயற்சி: காய்ச்சல் வந்து எழுந்த நாளிலும் நிறுத்தத்தோடு தூக்க முடிகிற எடை. பயிற்சியில் மூன்று ரெப் சுத்தமாக வருகிற எடை என்று வைத்துக்கொள்ளலாம். அதிகபட்சம் 80 என்றால் 73 அல்லது 74. இரண்டாவது 78. மூன்றாவது 81 அல்லது 82, பதக்க நிலவரத்தைப் பார்த்து. ஒரு முயற்சி முடிந்ததும் அடுத்த எடையைச் சொல்ல ஒரு நிமிடம்தான் தருவார்கள். அதனால் "வெள்ளை வந்தால் 78, சிவப்பு வந்தால் மறுபடி 74" என்று இரண்டு வழியையும் முன்பே தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். எடையை 1 கிலோ அளவில் ஏற்றலாம். இருவர் ஒரே எடை தூக்கினால் உடல் எடை குறைந்தவருக்கு முன்னுரிமை.

எந்தப் போட்டி என்பதைப் பொறுத்தும் கணக்கு மாறும். பாராலிம்பிக்ஸில் மூன்றில் சிறந்த ஒன்றுதான் கணக்கு. உலக சாம்பியன்ஷிப்பில் அதோடு, மூன்று முயற்சிகளின் கூட்டுத்தொகைக்கும் தனிப் பதக்கம் உண்டு, அங்கே ஒரு சிவப்புகூடப் பெரிய இழப்பு. காமன்வெல்த் போட்டியில் பல எடைப் பிரிவுகளை லைட்வெயிட், ஹெவிவெயிட் என்று இரண்டாகச் சேர்த்துவிடுவார்கள். உடல் எடையையும் தூக்கிய எடையையும் சூத்திரத்தில் போட்டுப் புள்ளி எடுப்பார்கள். 2014 கிளாஸ்கோவில் இந்தியாவின் சகினா கதூன் வெண்கலம் வென்றது இந்த முறையில்தான். அங்கே உங்களைவிடக் குறைவாகத் தூக்கியவர், உடல் எடை குறைவு என்பதால் உங்களுக்கு மேலே வரலாம். பயிற்சியாளர் கையில் புள்ளிக் கணக்கு இல்லாமல் மூன்றாவது முயற்சியை முடிவு செய்வது இருட்டில் கல்லெறிவது.

கேள்வி: போட்டிக்கு மூன்று நாள் முன்பு 2 கிலோ குறைக்க வேண்டியிருக்கிறது. தண்டுவடக் காயம் உள்ளவள். நீராவிக் குளியல், நீர் பிரியும் மாத்திரை எடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். மாத்திரை விஷயத்தில் "வேண்டாம்" என்பதோடு "கூடவே கூடாது" என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபுரோசிமைட் போன்ற நீர் பிரிக்கும் மருந்துகள் போட்டிக்கு உள்ளேயும் வெளியேயும் எப்போதும் தடை செய்யப்பட்டவை. மாதிரியில் அது தெரிந்தால் வருடக்கணக்கில் தடை வரும். கால் வீக்கத்துக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்தது என்றாலும், முன்கூட்டியே மருத்துவ விலக்கு வாங்கியிருக்க வேண்டும்.

நீராவி ஏன் ஆபத்து? காயம் பட்ட மட்டத்துக்குக் கீழே பலருக்கு வியர்ப்பதில்லை. வியர்க்காத உடலால் சூட்டை வெளியேற்ற முடியாது. எடை இறங்குவதற்கு முன் உடல் சூடு ஏறிவிடும். மேலும் எடை பார்ப்பது போட்டிக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு. முந்தைய நாளே எடை பார்க்கும் விளையாட்டுகளில் போல இழந்த நீரை மீட்டெடுக்க அவகாசம் கிடையாது.

உடல் எடையில் ஒரு சதவீதம் வரை, முந்தைய இரண்டு நாள் உணவில் உப்பையும் நார்ச்சத்தையும் குறைத்து இறக்கலாம். குடலில் தங்கும் எடை குறையும், பலம் குறையாது. மலம் கழிக்கும் நேரத்தைத் திட்டமிட்டுக் கடைப்பிடிக்கும் தண்டுவடக் காயக்காரர்கள், அந்த நாளைப் போட்டிக்கு முந்தைய நாளோடு பொருத்திக்கொண்டால் அதுவே அரை கிலோ. நார்ச்சத்தைக் குறைத்தால் அந்த ஒழுங்கு குலைபவர்கள் உண்டு, எனவே இதைச் சின்னப் போட்டி ஒன்றில் சோதித்துவிட்டுத்தான் பெரிய போட்டிக்குப் போக வேண்டும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோகூட நீர் சேரும். மூன்று நான்கு மாதம் தினமும் காலை எடை குறித்து வைத்தால், போட்டி நாளில் உடல் எங்கே நிற்கும் என்று முன்பே தெரியும். உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: இந்தமுறை மேல் பிரிவில் கலந்துகொள்ளுங்கள்.

கேள்வி: தோள் முன்பக்கம் குத்துகிறது. ஊசி போட்டால் சரியாகும் என்கிறார் மருத்துவர். போடலாமா?

பதில்: முதலில் ஊசியைப் பற்றி. அது கார்ட்டிசோன் வகை என்றால், 2022 முதல் எந்த இடத்தில் போட்டாலும் போட்டிக் காலத்தில் தடை. உடலை விட்டு வெளியேற நாளாகும் மருந்து என்பதால், போட்டித் தேதியை மருத்துவரிடம் சொல்லித்தான் முடிவெடுக்க வேண்டும். வலி மாத்திரையில் டிராமடால் 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத் தடைப் பட்டியலில் இருக்கிறது. பழைய மருந்துச் சீட்டை வைத்து வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

இனி தோள். நடக்க முடிகிற வீராங்கனைக்குத் தோள் வலித்தால் ஓய்வு கொடுக்கலாம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்குத் தோள்தான் கால், ஓய்வு என்பதே கிடையாது. ஒரு நாளில் கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கழிப்பறை, காரில் ஏறுவது இறங்குவது என்று எத்தனை முறை உடலைக் கையால் தூக்கி மாற்றுகிறீர்கள் என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். அதைக் குறைப்பதுதான் முதல் மருந்து. இடமாற்றுப் பலகை பயன்படுத்துங்கள், இரண்டு இருக்கைகளின் உயரத்தையும் ஒன்றாக்குங்கள், எப்போதும் ஒரே கையை முன்னால் ஊன்றாமல் மாற்றி ஊன்றுங்கள்.

பெஞ்சில்: பிடியை ஒரு விரல் அகலம் உள்ளே கொண்டுவாருங்கள். முழங்கையை உடலிலிருந்து 90 டிகிரி விரிக்காமல் 45 முதல் 60-க்குள் வையுங்கள். பார் தொடும் இடம் கழுத்துப்பக்கம் ஏறியிருந்தால் மார்பின் கீழ்ப்பகுதிக்கு இறக்குங்கள். மூன்று வாரம் உங்கள் அதிகபட்ச எடையில் 70 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம். ரப்பர் பட்டையால் கையை வெளிப்புறம் சுழற்றும் பயிற்சி, 15 வீதம் மூன்று செட், வாரம் நான்கு நாள். இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாத வலி, கை தூக்க முடியாத பலவீனம், விரல் மரத்துப்போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு ஸ்கேன் எடுங்கள்.

கேள்வி: கழுத்துக்குக் கீழே தண்டுவடக் காயம் உள்ள பெண்ணுக்கு, ஸ்ட்ராப் கட்டியதும் முகம் சிவந்து தலை வெடிப்பதுபோல் வலிக்கிறது என்கிறார். பதற்றமாக இருக்குமோ?

பதில்: பதற்றம் என்று விட்டுவிடாதீர்கள். மார்புத் தண்டுவடத்தின் ஆறாம் மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்களுக்கு, உணர்விழந்த பகுதியில் ஏற்படும் உறுத்தல் இரத்த அழுத்தத்தைத் திடீரென்று எகிற வைக்கும். நிரம்பிய சிறுநீர்ப்பை, மடங்கிய கதீட்டர் (சிறுநீர் வெளியேற்றும்) குழாய், இறுகிய ஸ்ட்ராப், காலுக்கடியில் மடிந்த துணி, எதுவும் காரணமாகலாம். பக்கவாதம்வரை போகக்கூடியது.

உடனே பாரை வாங்கி ரேக்கில் வையுங்கள். ஸ்ட்ராப்பையும் பெல்ட்டையும் அவிழுங்கள். படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள், கால் தொங்கட்டும். கதீட்டரையும் சிறுநீர்ப் பையையும் பாருங்கள். சில நிமிடத்தில் தணியாவிட்டால் மருத்துவமனை. இனி ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் சிறுநீர்ப்பையைக் காலி செய்வது வழக்கமாகட்டும். பயிற்சி முடிந்ததும் ஸ்ட்ராப் பட்ட இடத்தையும் இடுப்பெலும்பையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் மறையாத சிவப்பு படுக்கைப் புண்ணின் தொடக்கம். அழுத்தம் ஏறினால் பலம் கூடும் என்று இதை வேண்டுமென்றே வரவழைப்பவர்கள் இருந்திருக்கிறார்கள். பாராலிம்பிக் கமிட்டி அதைத் தடை செய்திருக்கிறது.

கேள்வி: எனக்கு 34 வயது. சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடியவள். இப்போது பவர்லிஃப்டிங்குக்கு மாறினால் எங்கே போய்ச் சேர முடியும்?

பதில்: பிரிட்டனின் லூயிஸ் சக்டன் பெய்ஜிங்கிலும் லண்டனிலும் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடியவர். பிறகு பவர்லிஃப்டிங்குக்கு வந்து, டோக்கியோவில் 86 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். அதே பிரிவில் தங்கம் வென்ற நைஜீரியாவின் ஃபோலாஷாடே ஒலுவாஃபெமியாயோ 2012 லண்டனில் வெள்ளி வாங்கியிருந்தவர். வெள்ளிக்கும் தங்கத்துக்கும் நடுவே ஒன்பது வருடம். 2024 பாரிஸில் 167 கிலோ உலக சாதனையோடு மறுபடி தங்கம் வென்றார். இந்த விளையாட்டில் முப்பதுகள் தாமதமான வயது அல்ல.

உங்களிடம் தோள் பலமும் போட்டி அனுபவமும் இருக்கிறது. இல்லாதது நிறுத்தம். பந்து எறிந்து பழகிய கை துள்ளலில்தான் பலம் காட்டும். முதல் மூன்று மாதம் எடையை மறந்து, மூன்று நொடி நிறுத்தத்தில் மட்டும் வேலை செய்யுங்கள். ஒரு வருடத்துக்குள் உள்நாட்டுப் போட்டி, பிறகு சர்வதேச உரிமமும் வகைப்படுத்தலும். வகைப்படுத்தலுக்கு நோய் விவரச் சான்றும் எக்ஸ்ரே அல்லது எம்ஆர்ஐ அறிக்கையும் கேட்பார்கள், பழைய கோப்புகளை இப்போதே தேடி எடுங்கள். பாராலிம்பிக்ஸ் பாதையில் குறிப்பிட்ட உலகப் போட்டிகளில் கலந்துகொள்வது கட்டாயம். பாரிஸுக்கு 2023 துபாய் உலக சாம்பியன்ஷிப் அப்படி இருந்தது. அதைத் தவறவிட்டால் எவ்வளவு தூக்கினாலும் பயனில்லை, ஆகவே தகுதி விதி வெளியான அன்றே கட்டாயப் போட்டிகளின் தேதிகளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.